நோய்ச்சுமைக் கணக்கு: ஒரு நாடு இழக்கும் ஆரோக்கியத்தை எப்படி அளக்கிறார்கள்?

"காற்று மாசுபாட்டால் ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் இறக்கிறார்கள்", "உப்பைக் குறைத்தால் இத்தனை ஆயிரம் உயிர்களைக் காப்பாற்றலாம்" என்பன போன்ற செய்திகள் நம் கண்ணில் அடிக்கடி படுகின்றன. இவற்றைப் படிப்பவர்களில் ஒரு சாரார், எங்கோ ஒரு பதிவேட்டில் அத்தனை பேருடைய பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். மற்றொரு சாரார், எந்த மருத்துவரும் இறப்புச் சான்றிதழில் "காற்று மாசு" என்று எழுதுவதில்லையே, அப்படியானால் இது கற்பனைக் கணக்குதானே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராரும் இந்த எண்ணை ஒரு தலைக்கணக்காகவே நினைக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நடந்த ஒன்றையும், நடந்திருக்கக்கூடிய இன்னொன்றையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளந்து பெறப்படும் எண் இது. அந்த வித்தியாசத்தை எந்த முறையில் அளக்கிறார்கள், எந்த இடங்களில் மனிதத் தீர்ப்பு உள்ளே நுழைகிறது என்பவற்றை விளங்கிக்கொண்டால், இத்தகைய செய்திகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

## இறப்புகளை எண்ணினால் போதாதா?

மக்களின் நோய்நிலையை எண்களால் அறியும் முயற்சி இறப்புக் கணக்கிலிருந்தே தொடங்கியது. 1662ஆம் ஆண்டில் ஜான் கிராண்ட் என்ற லண்டன் துணி வணிகர், அந்நகரில் வாரந்தோறும் வெளியான இறப்புப் பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்தார். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 36 பேர் ஆறு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. அந்தப் பட்டியல்களில் இறப்புக்கான காரணத்தைச் சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். இறந்தவரின் உடலைப் பார்த்து வருவதற்கென்று நியமிக்கப்பட்ட முதிய பெண்கள். அதனால் "முதுமை", "பல்" என்பவைகூட அவற்றில் காரணங்களாக இடம்பெற்றன. நாடுகளுக்கிடையே ஒப்பிடத்தக்க பொதுவான காரணப் பட்டியலை 1893ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன் முன்வைத்தார். இன்று உலகச் சுகாதார நிறுவனம் பராமரித்து வரும் பன்னாட்டு நோய் வகைப்பாடு அதன் வழித்தோன்றல்தான்.

இறப்புகளை எண்ணுவது இன்றியமையாதது என்றாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு செய்திகள் கைநழுவிப்போகின்றன. முதலாவது, வயது. வயிற்றுப்போக்கால் இறந்த இரண்டு வயதுக் குழந்தையும், இதயச் செயலிழப்பால் இறந்த 88 வயது முதியவரும் இறப்புக் கணக்கில் ஆளுக்கு ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள். ஆனால் குழந்தையின் இறப்பில் ஒரு முழு வாழ்நாள் பறிபோயிருக்கிறது. இரண்டாவது, கொல்லாத நோய்கள். முதுகுவலி, மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, பார்வைக் குறைவு ஆகியவை சான்றிதழில் இறப்புக்கான காரணமாக அரிதாகவே எழுதப்படுகின்றன. அவற்றால் கோடிக்கணக்கானோர் வேலைக்குப் போக முடியாமலும், உறங்க முடியாமலும், குழந்தையைத் தூக்க முடியாமலும் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். இறப்புகளை மட்டும் பார்த்துத் திட்டமிடும் அரசுக்கு இவர்கள் இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

## இழப்பை ஆண்டுகளாக மாற்றுதல்

இந்த இரண்டு குறைகளையும் ஒரே அளவுகோலால் சரிசெய்யும் வழி 1990களின் தொடக்கத்தில் உருவானது. உலக வங்கியின் 1993ஆம் ஆண்டு அறிக்கைக்காக கிறிஸ்டோபர் மர்ரே, ஆலன் லோபஸ் ஆகியோரின் தலைமையில் உலக நோய்ச்சுமை ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. மனிதர்கள் இழந்த ஆரோக்கியத்தைத் தலைகளால் எண்ணாமல் காலத்தால் அளப்பது அதன் அடிப்படை. அதற்கென்று உருவாக்கிய அலகின் பெயர் டாலி. இயலாமையைக் கணக்கில் கொண்டு சரிசெய்யப்பட்ட வாழ்நாள் ஆண்டு என்பது அதன் விரிவு. ஒரு டாலி என்பது முழு ஆரோக்கியத்துடன் வாழ்ந்திருக்கக்கூடிய ஓர் ஆண்டின் இழப்பு.

டாலி இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை. ஒருவர் உரிய காலத்துக்கு முன்னரே இறந்ததால் இழந்த ஆண்டுகள் முதல் பகுதி. உயிரோடு இருந்தும் நோயுடன் கழித்த ஆண்டுகள் இரண்டாம் பகுதி. நோயுடன் கழித்த ஓர் ஆண்டை முழு ஆண்டாக எண்ணுவதில்லை. அந்த நோய் ஆரோக்கியத்தை எவ்வளவு குறைக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் எண்ணுகிறார்கள். இதற்காக ஒவ்வொரு நோய்நிலைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் கொடுக்கப்படுகிறது. முழு ஆரோக்கியம் 0. இறப்புக்கு ஒப்பான நிலை 1. இந்த எண்ணுக்கு இயலாமை எடை என்று பெயர்.

ஒருவருக்கு 50ஆவது வயதில் பக்கவாதம் வருகிறது, பத்து ஆண்டுகள் ஒரு கை செயலிழந்த நிலையில் வாழ்ந்து 60ஆவது வயதில் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையின் எடை 0.3 என்றும், 60 வயதை எட்டிய ஒருவர் இன்னும் 28 ஆண்டுகள் வாழ முடியும் என்றும் கணக்கின் வசதிக்காகக் கொள்வோம். நோயுடன் கழித்த காலத்தின் இழப்பு 10 × 0.3, அதாவது 3 ஆண்டுகள். முன்கூட்டியே இறந்ததால் ஏற்பட்ட இழப்பு 28 ஆண்டுகள். ஆகப் பக்கவாதம் இவர் ஒருவருக்கு ஏற்படுத்திய சுமை 31 டாலிகள். ஒரு நாட்டில் ஓராண்டில் நேர்ந்த எல்லா இறப்புகளுக்கும், அந்த ஆண்டில் நோயுடன் வாழ்ந்த எல்லோருக்கும் இதே முறையில் கணக்கிட்டுக் கூட்டினால் கிடைப்பதே அந்த நாட்டின் நோய்ச்சுமை.

60 வயதில் இறந்தவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்பதற்கு எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதல் ஆய்வில், பிறக்கும்போது ஆண்களுக்கு 80 ஆண்டுகள், பெண்களுக்கு 82.5 ஆண்டுகள் என்று வைத்தார்கள். 2010ஆம் ஆண்டு ஆய்வில் இருபாலருக்கும் 86 என்று உயர்த்தினார்கள். ஏழை நாட்டில் மக்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதற்காக அந்நாட்டின் குறைந்த ஆயுளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டால், அங்கே நேரும் இறப்பின் இழப்பு சிறியதாகத் தோன்றும். வறுமையையே இயல்பு என்று ஏற்றுக்கொண்டதாகவும் ஆகிவிடும். இந்த ஆய்வு எடுத்த முடிவுகளில் இதுவே மிகவும் நியாயமானது என்று நான் கருதுகிறேன்.

இந்த அளவுகோல் உடனடியாகக் காட்டிய வியப்பு மனச்சோர்வு. இறப்புப் பட்டியல்களில் கண்ணுக்கே தென்படாத இந்த நோய், 1990ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில் நோய்ச்சுமையின் காரணங்களில் நான்காம் இடத்தைப் பிடித்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நோய்ச்சுமை இழந்த ஆண்டுகளால் அளக்கப்படுகிறது, முன்கூட்டிய இறப்பால் இழந்த ஆண்டுகளும், நோயின் கடுமைக்கேற்பக் குறைத்து எண்ணிய நோயுற்ற ஆண்டுகளும் சேர்ந்தது டாலி.

## இயலாமை எடையை நிர்ணயிப்பது யார்?

காது கேளாமைக்கு எவ்வளவு, மூட்டுவலிக்கு எவ்வளவு என்று எண் வைப்பது யாருடைய அதிகாரம் என்ற கேள்வி எவருக்கும் எழும். முதல் ஆய்வில் மருத்துவத் துறையினரின் சிறு குழுக்கள் கூடி விவாதித்து இவற்றை முடிவு செய்தன. அதற்கு எதிர்ப்பு எழுந்ததால், 2010ஆம் ஆண்டு ஆய்வுக்காகப் பொதுமக்களிடமே கேட்டார்கள். வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா ஆகிய நாடுகளில் வீடு வீடாகவும், அமெரிக்காவில் தொலைபேசி வழியாகவும், இணையம் வழியாக மேலும் பல நாடுகளிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் இருவேறு நோய்நிலைகளைப் பற்றிய சிறு விவரிப்புகளைப் படித்துக்காட்டி, "இவ்விருவரில் யார் அதிக ஆரோக்கியமாக இருக்கிறார்?" என்று வினவினார்கள். இத்தகைய ஆயிரக்கணக்கான ஒப்பீடுகளிலிருந்து எடைகள் கணக்கிடப்பட்டன.

இந்த முறை எவ்வளவு நுட்பமான சமநிலையில் நிற்கிறது என்பதற்கு முழுச் செவிட்டுத்தன்மையின் எடை நல்ல சான்று. 2010ஆம் ஆண்டு ஆய்வில் அதன் எடை 0.033 மட்டுமே. விவரிப்பு அவ்வளவு சுருக்கமாக இருந்தது. பேசிப் பழக முடியாமை, தொலைபேசியைப் பயன்படுத்த இயலாமை, அதனால் விளையும் தனிமையும் கவலையும் ஆகியவற்றைச் சேர்த்து விவரிப்பைத் திருத்தியபோது, 2013ஆம் ஆண்டு ஆய்வில் அந்த எடை 0.215 ஆக உயர்ந்தது. நோய் மாறவில்லை, அதைச் சொன்ன விதம் மாறியதும் கணக்கு ஆறு மடங்குக்கு மேல் மாறியது. பார்வையின்மையின் எடை இதற்கு நேர்மாறாக, பழைய கணக்கில் ஏறத்தாழ 0.6 ஆக இருந்து, பொதுமக்களிடம் கேட்ட பிறகு 0.2க்கும் கீழே இறங்கியது. அதை எதிர்த்துக் கண் மருத்துவத் துறையினர் குரல் எழுப்பியதில் வியப்பில்லை.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். பார்வையற்ற ஒருவரின் ஓர் ஆண்டுக்கு மதிப்புக் குறைவு என்று இந்த எடை சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் சிலர் இந்த அளவுகோலின் மீது வைக்கும் குற்றச்சாட்டு இதுவே. உடல் செயல்பாட்டில் ஏற்பட்ட குறைவை மட்டுமே எடை அளக்கிறது, மனிதரின் மதிப்பையோ வாழ்வின் நிறைவையோ அன்று என்று ஆய்வாளர்கள் விடையளிக்கிறார்கள். அந்த விடை சரியானதே. ஆயினும் முதல் ஆய்வில் இருபதுகளில் உள்ளவரின் ஓர் ஆண்டைக் குழந்தையின் அல்லது முதியவரின் ஓர் ஆண்டைவிட உயர்வாக எண்ணினார்கள். எதிர்கால ஆண்டுகளை ஆண்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடியும் செய்தார்கள். இவ்விரண்டும் சந்தேகமில்லாமல் மதிப்புத் தீர்ப்புகள். கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2010ஆம் ஆண்டு ஆய்வில் இரண்டையும் கைவிட்டார்கள்.

## தரவு இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள்?

டாலியைக் கணக்கிட, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்பது முதலில் தெரிய வேண்டும். உலகில் நேரும் இறப்புகளில் பத்துக்கு நான்கு பதிவு செய்யப்படுவதே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பதிவானவற்றிலும் காரணம் சரியாக எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. "இதயம் நின்றது", "மூச்சு நின்றது", "முதுமை" என்று எழுதப்பட்ட சான்றிதழ்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. இவ்வாறு அடிப்படைக் காரணத்தைச் சொல்லாத பதிவுகளுக்குக் குப்பைக் குறியீடுகள் என்று ஆய்வாளர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றை அப்படியே விட்டுவிடாமல், இறந்தவரின் வயது, பாலினம், பதிவில் உள்ள பிற குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு, உண்மையான காரணமாக இருக்கக்கூடிய நோய்களுக்குப் பகிர்ந்தளிக்கிறார்கள்.

மருத்துவர் யாரும் பார்க்காமலே வீட்டில் நேர்ந்த இறப்புகளுக்கு வேறொரு வழி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவர் இறந்தவரின் குடும்பத்தாரைச் சந்தித்து, கடைசி நாட்களில் காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாள் இருந்தது, நெஞ்சுவலி வந்ததா, மூச்சுத் திணறியதா, கால் வீங்கியிருந்ததா என்று ஒரு நிலையான வினாப்பட்டியலின்படி விசாரிக்கிறார். விடைகளைப் பார்த்து மருத்துவர்களோ கணினி நிரலோ காரணத்தை முடிவு செய்கிறார்கள். வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை எனப்படும் இம்முறை, விபத்து, பேறுகாலம் போன்ற இறப்புகளை நன்றாகவே அடையாளம் காண்கிறது. தெளிவான அறிகுறி இல்லாத நோய்களில் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை.

இவற்றுக்கும் அப்பால் உள்ள இடைவெளிகளைப் புள்ளியியல் மாதிரிகள் நிரப்புகின்றன. ஒரு நாட்டில் ஒரு நோய்க்குத் தரவே இல்லையென்றால், அண்டை நாடுகளின் நிலை, முந்தைய ஆண்டுகளின் போக்கு, வருமானம், கல்வி போன்றவற்றிலிருந்து மாதிரி ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. ஆகவே, தரவு வளமான நாட்டின் எண்ணும் தரவே இல்லாத நாட்டின் எண்ணும் ஒரே அட்டவணையில் ஒரே எழுத்தளவில் அச்சாகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவது, எண்ணுக்கு அருகில் அடைப்புக்குறிக்குள் தரப்படும் நிச்சயமின்மை இடைவெளி. உண்மையான மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதை அது தெரிவிக்கிறது. செய்தித் தலைப்புகள் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான்.

## மொத்தம் வேறு, விகிதம் வேறு

ஒரு நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இன்று இதயநோய்ச் சுமை கூடியிருக்கிறது என்றால், இதயநோய் பரவிவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. மக்கள்தொகை பெருகியிருக்கலாம், முதியோரின் பங்கு கூடியிருக்கலாம். இதயநோய் முதுமையில் மிகுதியாக வருவது என்பதால், ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஆபத்துக் குறைந்துகொண்டே வரும்போதும் மொத்தச் சுமை ஏறக்கூடும். இதைப் பிரித்தறிய, இரு காலங்களிலும் அல்லது இரு நாடுகளிலும் ஒரே வயதுக் கலவை இருப்பதாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இதற்கு வயதுச் சமன்படுத்திய விகிதம் என்று பெயர். மருத்துவமனையில் எத்தனை படுக்கை வேண்டும் என்று கேட்பவருக்கு மொத்தம் தேவை. நாட்டின் ஆரோக்கியம் மேம்பட்டதா என்று கேட்பவருக்குச் சமன்படுத்திய விகிதம் தேவை.

## தடுத்திருக்கக்கூடியது எவ்வளவு?

எந்த நோய் எவ்வளவு ஆரோக்கியத்தைப் பறித்தது என்பதுவரை பார்த்தோம். அந்த நோயை வரவழைத்தவற்றில் எது மாற்றக்கூடியது என்பது அடுத்த கேள்வி. புகையிலை, உயர் இரத்த அழுத்தம், காற்று மாசு, தூய்மையற்ற குடிநீர், ஊட்டக் குறைவு ஆகியவை போல, நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் மாற்றத்தக்கதுமான ஒன்றை ஆபத்துக் காரணி என்கிறோம்.

ஒரு லட்சம் பேர் வாழும் ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களில் 30,000 பேருக்கு ஏதோ ஓர் ஆபத்துக் காரணி இருக்கிறது. 70,000 பேருக்கு இல்லை. அது இல்லாதவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஒருவருக்கும், இருப்பவர்களில் ஆயிரத்துக்கு மூவருக்கும் ஒரு குறிப்பிட்ட நோய் வருகிறது. இந்த மூன்று மடங்குக்குச் சார்பு ஆபத்து என்று பெயர். ஆண்டு முடிவில் முதல் குழுவில் 90 பேரும் இரண்டாம் குழுவில் 70 பேருமாக 160 நோயாளிகள் இருப்பார்கள். அந்த ஆபத்துக் காரணி எவருக்குமே இல்லாதிருந்தால், ஒரு லட்சம் பேரிலிருந்து 100 நோயாளிகள் மட்டுமே வந்திருப்பார்கள். வித்தியாசம் 60, அதாவது மொத்த நோயில் 37.5 சதவீதம். இந்தச் சதவீதத்தைப் பொறுப்புப் பங்கு என்று அழைக்கலாம். அந்த நோயின் மொத்த டாலிகளை இந்தப் பங்கால் பெருக்கினால், அந்த ஆபத்துக் காரணியின் கணக்கில் சேரும் சுமை கிடைத்துவிடும்.

ஆபத்துக் காரணி உள்ள 90 நோயாளிகளையே சற்று உற்றுப் பாருங்கள். அவர்களில் 30 பேருக்கு அந்தக் காரணி இல்லாவிட்டாலும் நோய் வந்திருக்கும். 60 பேருக்கு வந்திருக்காது. ஆனால் எந்த 30 பேர், எந்த 60 பேர் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. காற்று மாசால் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் தர முடியாததற்கும், அந்த எண்ணிக்கை பொய்யாகாததற்கும் காரணம் ஒன்றே: கூட்டத்தில் தெளிவாகத் தெரியும் வித்தியாசம் தனிமனிதரில் தெரிவதில்லை.

இந்தக் கணக்கு சரியாக வர, சார்பு ஆபத்து என்ற எண் நம்பகமானதாக இருக்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் மக்களைப் பின்தொடரும் ஆய்வுகளிலிருந்து வருகிறது. புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இவ்வகையில் முன்னோடி. புகையிலையைப் பொறுத்தவரை சான்று அசைக்க முடியாதது. உணவுப் பொருட்களைப் பொறுத்தவரை அத்தனை வலுவானது அன்று.

## எதனோடு ஒப்பிடுகிறோம்?

புகைக்கு ஒப்பீட்டு நிலை எளிது: ஒருவருமே புகைக்காத நிலை. இரத்த அழுத்தத்துக்கு அப்படிச் சுழியத்தை வைக்க முடியாது. எனவே மக்கள் எந்த அளவில் இருந்தால் ஆபத்து மிகக் குறைவாக இருக்குமோ அந்த அளவை ஒப்பீட்டு நிலையாகக் கொள்கிறார்கள். இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கு இது 110 முதல் 115 வரை. மருத்துவர் பெரும்பாலும் 140ஐத் தாண்டினால்தான் மருந்து எழுதுவதைப் பற்றிப் பேசுவார். 128 உள்ளவரை நோயாளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நோய்ச்சுமைக் கணக்கில் அவருக்கும் பங்கு உண்டு. 2019ஆம் ஆண்டில் உயர் இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இறப்புகள் உலக அளவில் சுமார் 1 கோடியே 8 லட்சம் என்ற மதிப்பீட்டை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

128 உள்ளவரைச் சேர்ப்பது மிகைப்படுத்தல் என்று தோன்றலாம். மீண்டும் ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். மிக உயர்ந்த அழுத்தம் உள்ள 5,000 பேருக்கு ஆபத்து ஆயிரத்துக்குப் பத்து. சற்றே கூடுதலாக உள்ள 60,000 பேருக்கு ஆயிரத்துக்கு இரண்டு. மற்றவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று. முதல் குழுவில் மிகையாக நோயுறுபவர்கள் 45 பேர். இரண்டாம் குழுவில் 60 பேர். ஆபத்துச் சிறிதாக உள்ள பெருங்கூட்டம், ஆபத்துப் பெரிதாக உள்ள சிறு கூட்டத்தைவிட அதிக நோயாளிகளைத் தருகிறது. பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1980களில் வலியுறுத்திய இந்த முரண், மொத்த மக்களின் உணவில் உப்பைச் சிறிது குறைப்பது போன்ற கொள்கைகளுக்கு அடிப்படை.

ஒப்பீட்டு நிலையை மாற்றினால் முடிவு எந்த அளவுக்குப் புரளும் என்பதைச் சிவப்பு இறைச்சியின் கதை காட்டுகிறது. 2017ஆம் ஆண்டு ஆய்வில் நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் இறைச்சியைத் தீங்கு மிகக் குறைந்த அளவாகக் கொண்டிருந்தார்கள். அப்போது அதன் கணக்கில் சேர்ந்த இறப்புகள் உலகெங்கும் சுமார் 25,000. 2019ஆம் ஆண்டு ஆய்வில் அந்த அளவைச் சுழியமாக்கினார்கள். இறப்புகள் சுமார் 9 லட்சமாயின. இரண்டே ஆண்டுகளில் மனிதர்கள் முப்பத்தாறு மடங்கு இறைச்சி உண்ணத் தொடங்கிவிடவில்லை. இந்தத் தாவலுக்குப் போதிய சான்று எங்கே என்று மற்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மீண்டும் சுருக்கமாக: ஓர் ஆபத்துக் காரணியின் சுமை என்பது இன்றைய நிலைக்கும், அந்தக் காரணி மிகக் குறைந்த அளவில் இருந்திருக்கக்கூடிய நிலைக்கும் உள்ள வித்தியாசம். ஒப்பீட்டு நிலை எது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல முடியாது.

## பங்குகளைக் கூட்டக் கூடாது

புகைக்கு இத்தனை சதவீதம், இரத்த அழுத்தத்துக்கு இத்தனை, உணவுக்கு இத்தனை என்று இதயநோய்க்கான பங்குகளைப் படிப்பவர், அவற்றைக் கூட்டிப் பார்த்து நூறைத் தாண்டுவதைக் கண்டு, கணக்கே மோசடி என்று சொல்வதுண்டு. ஒரு கதவில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன என்றும், இரண்டையும் பூட்ட மறந்த இரவில் திருடன் நுழைந்தான் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பூட்டைப் பூட்டியிருந்தால் திருட்டு நூற்றுக்கு நூறு நின்றிருக்கும். இரண்டாம் பூட்டைப் பூட்டியிருந்தாலும் அப்படியே. இரண்டின் பங்கையும் கூட்டினால் 200 சதவீதம் வருகிறது, ஆனால் திருட்டு ஒன்றுதான். நோய்களும் இவ்வாறே பல காரணிகள் சேர்ந்து விளைபவை என்பதால், ஒரே நோயாளியைப் பல வழிகளில் காப்பாற்றியிருக்கலாம். ஒன்றையொன்று சாராத இரு காரணிகளின் பங்கு 40, 50 சதவீதம் என்றால், இரண்டையும் நீக்கியபின் எஞ்சும் நோய் 0.6 × 0.5, அதாவது 30 சதவீதம். எனவே கூட்டுப் பங்கு 90 அன்று, 70. உப்பு இரத்த அழுத்தத்தின் வழியாகவே பெரிதும் தீங்கு செய்வதுபோல, ஒன்று மற்றொன்றின் வழியாகச் செயல்பட்டால், ஒன்றின் பங்கு மற்றதற்குள்ளேயே அடங்கிவிடும்.

எல்லாக் காரணிகளையும் இவ்வாறு ஒன்றாகச் சேர்த்தபோது, 2017ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கில் இறப்புகளில் சுமார் 61 சதவீதத்துக்கு அறியப்பட்ட ஆபத்துக் காரணிகள் பொறுப்பாயின. டாலிகளிலோ சுமார் 48 சதவீதத்துக்கே. கொல்லும் நோய்களின் காரணங்களை நாம் ஓரளவு அறிவோம். கொல்லாமல் வருத்தும் மனநோய்கள், தலைவலி, வலிநோய்கள் ஆகியவற்றை எது வரவழைக்கிறது என்பது அவ்வளவாகப் பிடிபடவில்லை. இரு சதவீதங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் அந்த அறியாமையின் அளவு பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

தரவரிசைகளையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுக்கான ஆய்வில் காற்றிலுள்ள நுண்துகள்கள் உலக நோய்ச்சுமையில் 8.0 சதவீதத்துடன் முதலிடத்திலும், உயர் இரத்த அழுத்தம் 7.8 சதவீதத்துடன் அடுத்த இடத்திலும் இருந்தன. இரண்டின் நிச்சயமின்மை இடைவெளிகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. எது முதல், எது இரண்டு என்று வாதிடுவதில் பயனில்லை.

## நேற்றைய கணக்கும் நாளைய பலனும்

"தடுத்திருக்கலாம்" என்பதும் "இனித் தடுக்கலாம்" என்பதும் வேறு வேறு. இன்று புகையிலையின் கணக்கில் சேரும் நுரையீரல் புற்றுநோய்கள் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய புகைப்பழக்கத்தின் விளைவுகள். இன்றே எல்லோரும் புகைப்பதை நிறுத்திவிட்டாலும் அடுத்த ஆண்டில் அந்தச் சுமை முழுவதும் மறைந்துவிடாது. முன்பு சொன்ன பிரிட்டிஷ் மருத்துவர்களின் ஐம்பதாண்டு முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன. வாழ்நாள் முழுவதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தார்கள். முப்பது வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ அந்தப் பத்து ஆண்டுகளையும் மீட்டார்கள். நாற்பதில் நிறுத்தியவர்கள் ஒன்பதையும், ஐம்பதில் நிறுத்தியவர்கள் ஆறையும், அறுபதில் நிறுத்தியவர்கள் மூன்றையும் மீட்டார்கள். ஆகவே, ஒரு காரணியின் மொத்தச் சுமையைக் காட்டி, ஒரு திட்டத்தால் அத்தனையையும் மீட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், எந்த வயதினரிடம், எத்தனை ஆண்டுகளில் என்று கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு பிழையும் நேர்வதுண்டு. நோய்ச்சுமை அட்டவணையின் அடியில் இருக்கும் நோய்க்குச் செலவு செய்வது வீண் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அட்டவணை காட்டுவது, இப்போது செய்துவரும் தடுப்புப் பணிகளுக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் சுமையைத்தான். பல நாடுகளில் தட்டம்மை அடியில் இருப்பதற்குக் காரணம் தடுப்பூசி. செலுத்துவது தளர்ந்த இடங்களில் அது மீண்டும் மேலே வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 1974ஆம் ஆண்டில் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் தடுப்பூசிகள் சுமார் 15 கோடியே 40 லட்சம் உயிர்களைக் காத்தன என்று 2024ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியானது. அவற்றில் ஏறத்தாழ 60 சதவீதம் தட்டம்மைத் தடுப்பூசியால் காக்கப்பட்டவை. நோய்ச்சுமையின் எந்த அட்டவணையிலும் அந்த எண்ணைக் காண முடியாது. அதைப் பெறுவதற்கு, ஆபத்து இல்லாத உலகுக்குப் பதிலாகத் தடுப்பூசியே வந்திராத உலகை ஒப்பீட்டு நிலையாக வைத்து, இதே கழித்தலை எதிர்த்திசையில் செய்தார்கள்.